சார் பக்கத்து ஆள்

எங்கள் குடும்பத்தில் தைரியசாலி யார் என்று கேட்டால், போன தவக்காலம் வரைக்கும் என்னைத்தான் சொல்லியிருப்பேன். போர்ட் ப்ளேர் ஜங்லிகாட் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் நான், பெயர் சூசைமேரி. என் தராசைக் குறை சொன்ன ஒரு கான்ட்ராக்டரை மீன் கழுவின தண்ணீரோடு ரோடு வரைக்கும் துரத்தியிருக்கிறேன். அந்தப் பட்டத்தை இப்போது என் தம்பி பெண்டாட்டி கேத்தரினுக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் பிடுங்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

கேத்தரின் சத்தமாகத் தும்மக்கூட மாட்டாள். மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கடலுக்கு அடியில் எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டி வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்கு அனுப்புவாள். அவன் கூலியை ரூபாயாகத் தரவில்லை, பிட்காயினாகத் தந்தான். கையால் தொட முடியாமல் போனுக்குள்ளேயே கிடக்கிற காசு அது. இதைக் கொடுத்தால் ஒரு கிலோ நெத்திலி கிடைக்குமா என்று நான் கேலி செய்வேன். அவள் சிரித்துவிட்டு மாடி ஏறிப் போய்விடுவாள்.

அப்போதுதான் என் தம்பி பென்னியின் படகு எஞ்சின் செத்துப்போனது. படகு கரையில் கிடந்தது. பென்னி அடுத்தவன் படகில் கூலிக்குப் போனான். நானோ, தம்பி பிடித்த மீனை நெஞ்சை நிமிர்த்தி விற்றவள், கண்டவனிடம் கெஞ்சி மீன் வாங்கி விற்றேன். அந்த எரிச்சலில் வாடிக்கைக்காரர்கள் மேல் விழுந்து பிடுங்கினேன், பாவம்.

கேத்தரின் தன் பிட்காயினை விற்று எஞ்சின் வாங்கலாம் என்றாள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரே ஒரு எஞ்சினை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நிறுத்தி வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்குமேல் ரங்கத் என்கிற ஊர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வார். அடுத்த எஞ்சின் எந்தக் கப்பலில் வரும் என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

ஆன்லைனில் முகம் தெரியாதவனுக்கு விற்க அவளுக்கு மனமில்லை. அவளுக்குத் தெரிந்த ஒருவர் அப்படி விற்று, வந்த பணம் எங்கேயோ திருடிய பணமாக இருந்து, பேங்க்காரன் அவர் கணக்கையே முடக்கிவிட்டானாம். அதனால் ஆளை நேரில் பார்த்து, ரொக்கமாக வாங்குவது என்று முடிவு செய்தாள். ஆள் கிடைத்தார். தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பே என்கிற ஊரில் கடை வைத்திருக்கும் திருநாவுக்கரசு. பழைய ராணுவக்காரர் வீட்டுப் பிள்ளை. சரக்கு எடுக்க வந்து, படகில் கடக்க வேண்டிய அக்கரையில், பாம்பூஃப்ளாட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை காலை கப்பலில் ஊர் திரும்ப வேண்டியவர்.

கேத்தரின் போட்ட நிபந்தனைகளைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேசவில்லை. பட்டப்பகலில்தான், அதுவும் பேங்குக்குள் கேமரா பார்க்கிற இடத்தில்தான் கைமாற வேண்டும். அவர் அந்தப் பணத்தைத் தன் கணக்கிலிருந்து எடுத்ததற்கான சீட்டைக் கொண்டுவர வேண்டும். நோட்டைக் கவுன்ட்டரில் மெஷின் எண்ணிப் பார்த்து அவள் கணக்கில் போட்ட பிறகு, அவர் கண்முன்னாலேயே அவள் காயினை அனுப்புவாள். அவரவர் போன் அவரவர் கையில். விற்கிற அளவுதான் அன்றைக்கு அவள் போனில் இருக்கும். துணைக்கு ஆளுக்கு ஒருவர், அதற்குமேல் கூடாது. அவள் பக்கம் நான்.

பென்னியால் இதைத் தாங்க முடியவில்லை. பெண்டாட்டி யாரோ ஒருவனிடம் பணம் வாங்கப் போகிறாள், அக்கா ஒருத்தி மட்டும் கூடப் போகிறாள் என்றால் அவனுக்குத் தூக்கம் வருமா? படகுக்காரர்கள் இரண்டு பேரிடம் ரகசியமாகச் சொன்னான். எங்கள் ஆட்களிடம் ரகசியம் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் பேங்க் வாசலுக்குப் போனபோது பாதி மார்க்கெட் அங்கே நின்றது. வலைக்காரர்கள், ஐஸ் வண்டிக்காரர், கோயில் அன்பியத்துப் பெண்கள், ஆட்டோ ஸ்டாண்ட் மொத்தமும். மீன் வெட்டுகிற அங்கம்மா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கத்தியும் கையுமாகவே வந்திருந்தாள். எதற்கு இவ்வளவு ஆட்கள் என்று இந்தியில் கேட்டுக் கேட்டுக் காவலாளிக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

நான் பெருமைப்பட்டேன், அதை மறைக்கப்போவதில்லை. ஒரு வீட்டுக்குப் பயம் என்றால் ஊரே வந்து நிற்கிறது, இதைவிட என்ன வேண்டும்?

ஒரு ஆட்டோ வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தார். கூட்டத்தைப் பார்த்தார். அங்கம்மாவின் கத்தியைப் பார்த்தார். வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆட்டோ வந்த வழியே பறந்தது. கேத்தரின் அழைத்தபோது அவர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. திருடன் ஓடிவிட்டான், மடியில் கனம் இல்லாதவன் ஏன் ஓடுகிறான் என்று ஆளாளுக்குத் தோளைத் தட்டிக்கொண்டார்கள். நானும் என் பங்குக்கு ரோட்டைப் பார்த்து இரண்டு வசவு விட்டேன். கேத்தரின் மட்டும் பேங்க் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு திருடன் இல்ல மைனி," என்றாள். "எத்தன பேரு வருவீங்கன்னு மூணு தடவ கேட்டாரு. ரெண்டே பேருன்னு நான் வாக்கு குடுத்திருந்தேன். நான் அவரப் பாத்து எப்படிப் பயந்தனோ, அவரும் அப்படித்தான நம்மளப் பாத்துப் பயப்படுவாரு?"

அப்புறம்தான் மீதியைச் சொன்னாள். அவர் ஒரு தடவை ஆன்லைனில் காயினுக்குப் பணம் கட்டி ஏமாந்தவராம். பணம் போனது, காயின் வரவே இல்லை. அதனால்தான் ஒரு மனுஷ முகத்தைப் பார்த்து வாங்க வந்திருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருட்டே தேவைப்படவில்லை, அங்கம்மா போதும்.

அவள் எழுந்தாள். கூட்டத்தில் நின்ற பென்னி கையில் போனைக் கொடுத்து, கூட்டத்தைக் கலைத்துவிட்டு இங்கேயே நில் என்றாள். புருஷனிடம் அவள் அப்படி உத்தரவு போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அவனும் தலையை ஆட்டினான். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துச் சாத்தாம் ஜெட்டிக்குப் போனோம். பாம்பூஃப்ளாட்டுக்குப் போக அவர் படகுக்குத்தானே வந்தாக வேண்டும்?

வரிசையில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கேத்தரின் கிட்டே போகவில்லை. தள்ளியே நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். சத்தமாகத் தும்மக்கூட மாட்டாதவள், அத்தனை ஜனமும் திரும்பிப் பார்க்கும்படி பேசினாள்.

"சார், நான் போன் கொண்டு வரல. உங்க பணம் உங்ககிட்டயே இருக்கட்டும். அங்க நின்னவங்க எங்க வீட்டு ஆளுங்கதான், என் மேல உள்ள பாசத்துல வந்துட்டாங்க. தப்பு எங்க மேல. உங்களுக்கு எந்த இடம் தைரியமோ அதச் சொல்லுங்க, உங்க ஆளையும் கூட்டிட்டு வாங்க."

படகு வந்து, ஆட்கள் இறங்கி, ஸ்கூட்டர்கள் எல்லாம் ஏறி முடித்தன. அவர் ஏறவில்லை.

"இடம் அந்த பேங்க்கே இருக்கட்டும்மா," என்றார் கடைசியில். "ஆனா கூட்டினு வர எனக்கு இங்க ஆளு கிடையாது. என் ஆளுங்க எல்லாம் கேம்பல் பேல இருக்காங்க."

"அப்படின்னா எங்க மைனிய எடுத்துக்கிடுங்க," என்றாள் கேத்தரின். "இப்பத்துல இருந்து அவங்க உங்க பக்கம்."

நான் என்ன அரைக் கிலோ நெத்திலியா, எடுத்துக் கொடுக்க? சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் நிற்கவில்லை. நடுக்கடலில் கயிறு வீசுவார்களா மாட்டார்களா என்று பார்க்கிற முகம் அது. சரி என்று தலையாட்டினேன். தலையாட்டின பிறகு அது என் தொழில், அதில் நான் ஒழுங்கு.

திரும்பிப் போகும்போது அவரும் நானும் ஓர் ஆட்டோ, கேத்தரின் தனியாக இன்னோர் ஆட்டோ. பேங்கில் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கேத்தரின். பென்னி அவளிடம் போனைக் கொடுத்துவிட்டு எஞ்சின் கடைக்கு ஓடினான். கவுன்ட்டரில் நோட்டுகள் சடசடவென்று ஓடி, எல்லாம் நல்ல நோட்டு என்று ஆகி, அவள் கணக்கில் ஏறின. காயின் போய்ச் சேர வேண்டிய முகவரியை முதலிலிருந்து கடைசி வரை அவள் வாசிக்க, அவர் தன் போனில் சரிபார்த்தார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை என்றாலும், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அனுப்பினாள்.

அவர் போனில் இன்னும் உறுதியாகவில்லை என்று மட்டும் காட்டியது. சில சமயம் நேரமெடுக்கும் என்றாள் கேத்தரின். காத்திருந்தோம். அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. பணம் போய்விட்டது, காயின் வரவில்லை, பழைய கதை திரும்புகிறது என்று அவர் நினைப்பது எனக்கு எழுதி ஒட்டினதுபோல் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பென்னி எனக்கு போன் செய்தான். ரங்கத்துக்காரர் கடைக்கே வந்துவிட்டாராம், கையில் பணத்தோடு நிற்கிறாராம், கேத்தரினை உடனே கடைக்காரர் கணக்குக்குப் பணத்தை அனுப்பச் சொல் என்று கத்தினான். பணம் அவள் கணக்கில்தான் இருந்தது. விரலால் தட்டினால் முடிந்தது. கேத்தரின் போனைத் தொடவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

கரையில் கிடக்கிற படகு கண்ணுக்குள் வந்தது. இன்னும் எத்தனை மாதம் அடுத்தவனிடம் மீனுக்கு நிற்பது?

"லேய் பென்னி," என்றேன், பேங்க் முழுக்கக் கேட்கும்படி. "இன்னைக்கு நான் சார் பக்கத்து ஆளு. அவரு போன்ல காசு உறுதியா விழுத வரைக்கும் இந்தப் பணம் அவரு பணம். ஒருத்தரும் தொடப்பிடாது. எஞ்சின் போனா போவட்டும்."

அவன் என்னென்னவோ சொன்னான். கேட்காமல் வைத்துவிட்டேன். யார் பக்கம் நின்றாலும் எடை குறைய விடுகிறவள் இல்லை நான். கேத்தரின் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை மாதா சுரூபத்தின் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் போன் கிணுங்கியது. உடனே சந்தோஷப்பட அவரை நான் விடவில்லை. முழுசாக வந்திருக்கிறதா, இனி யாரும் திரும்ப எடுக்க முடியாதா என்று கேட்டு, அவர் இரண்டு தடவை பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கேத்தரினைப் பார்த்து, இப்போது அனுப்பு என்றேன். அவள் விரல் மின்னலாக ஓடியது. ரங்கத்துக்காரர் அதுவரை விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருந்தாராம். கஞ்சனாகப் பிறந்த அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். எஞ்சின் எங்களுக்கே வந்தது. இப்போது பென்னியின் மீனைத்தான் விற்கிறேன், பழையபடி நெஞ்சை நிமிர்த்தி.

திருநாவுக்கரசு எழுந்து நின்றார். எங்களைக் கும்பிட்டுவிட்டு ஜன்னலோரம் போய் மனைவி ரூபாவுக்கு போன் போட்டார்.

"ஆச்சு ரூபா, நல்லபடியா முடிஞ்சுது. நீ பயப்படாத. இனிமே போர்ட் ப்ளேர்ல நமக்கு ஆளு இருக்காங்க."

கேத்தரின் என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் பார்க்கக் கூடாது என்று எழுந்து போய், இந்தப் புழுக்கத்தில் ஒரு ஃபேன் போடத் துப்பில்லையா என்று அந்தக் காவலாளியைப் பிடித்துத் திட்டினேன்.