வால் பக்கத்திலிருந்து ஓடிய பாட்டு

அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்கு இல்லை. பூட்டிக் கிடந்த தேவாலயத்தை ஒரு ராக் குழு ஆல்பம் பதிவு செய்ய வாடகைக்கு எடுத்ததும், அதன் ஜன்னல் என் துணிக்கொடிக்கு நேராக அமைந்ததும் என் தவறா? எழுபத்தொன்றாம் வருடக் கோடையில் ஆறு வாரம் துணி காயப்போட்டேன். காய்ந்ததையும் திரும்ப நனைத்துக் காயப்போட்டேன்.

நால்வரில் ஆர்கன் வாசிக்கும் எம்லின் மட்டும் எங்கள் ஊர்க்காரன். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் கெய்ன்வெனுக்காக ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். "ரெக்கார்டுல வரட்டும், அப்புறம் மோதிரத்தப் பத்திப் பேசலாம்" என்று அவள் சொன்னபோது தபால்தலை வரிசையில் மூன்றாவதாக நான் நின்றேன்.

குழுத் தலைவன் ரோட்ரிக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. "நம்ம ஆல்பத்துக் கதையே கடலுக்கடியில நடக்குது. நீ கல்யாண வீட்டுப் பாட்டோட வந்து நிக்கிற."

"கடைசியா ஒருவாட்டி கேளுடா" என்று கெஞ்சினான் எம்லின்.

பதிவான நாடாவைத் திருப்பிச் சுற்றாமல், பாட்டு முடியும் வால் முனை வெளியே இருக்க விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். போட்டுக் கேட்குமுன் தலை முனைக்குத் திருப்பிச் சுற்ற வேண்டும். ஒலிப்பதிவாளன் கெத்தின் மறந்துபோய் அப்படியே வாலிலிருந்து ஓடவிட்டான்.

ஜன்னல் வழியே வந்ததை எப்படிச் சொல்வது? ஆர்கன் ஓய்விலிருந்து தொடங்கி மெல்லப் பெருத்துப் பிறந்தது. யாரோ தாங்கள் சொன்ன சொற்களையெல்லாம் மூச்சோடு உள்ளிழுத்துக்கொண்டார்கள். இறங்கிய மூடுபனி மலைக்குத் திரும்பி ஏறுவதுபோல் இருந்தது. கொடியில் என் படுக்கை விரிப்புகள்கூட அசையவில்லை.

"இதான் கடைசிப் பாட்டு" என்றான் ரோட்ரி. "யாரும் கை வைக்காதீங்க."

"அது தலைகீழா ஓடுதுடா" என்றான் எம்லின்.

"அதனாலதான் நல்லாருக்கு."

டிசம்பரில் ஆல்பம் வந்தது. ஆன்மா கருவறைக்குத் திரும்பும் ஓசை என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. மாணவர்கள் கூட்டமாக வந்து எங்கள் புல்வெளியில் கண்மூடிப் படுத்தார்கள்; ஆடுகள் சுற்றிப்போயின.

கெய்ன்வென் ரெக்கார்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் கொல்லைக்கு வந்தாள். "ஆன்ட்டி, மூணு தடவ கேட்டுட்டேன். என் பாட்டே இல்ல. கேட்டா தலைகீழா ஓடுதுங்கறான். நல்ல சாக்கு. இனி அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

வேலிக்கு அப்பால் எம்லினின் தொப்பி தெரிந்தது. அது ஒரு வாரமாகவே அங்கேதான் தெரிந்துகொண்டிருந்தது.

வாயிலிருந்த துணிக்கவ்வியை எடுத்துவிட்டுப் பாடினேன். என் குரல் துருப்பிடித்த கதவு. ஆனால் பாட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நேராக நடந்தது. அவள் நாக்கு நுனி தொடும் தபால்தலையின் மேல் அவன் பொறாமைப்படும் இடத்தில் கெய்ன்வென் காதுவரை சிவந்தாள். இரண்டாம் சரணத்துக்கு வேலிக்கு அப்பாலிருந்து கீழ்க்குரல் சேர்ந்துகொண்டது.

"உள்ள வந்து பாடு" என்றாள் அவள், வேலியைப் பார்க்காமலே.

மே மாதம் அதே தேவாலயத்தில் கல்யாணம். என்னைத்தான் பாடச் சொன்னார்கள். பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த மாணவர்கள், அசல் இதைவிட நன்றாக இருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.