ஹௌகி ஏரியின் பொய்ப் புள்ளிகள்

வரைபடத்தில் புள்ளி இருந்த இடத்தில் ஏரியில் ஆள் இல்லை. ஏரியில் ஆள் இருந்த இடத்தில் வரைபடத்தில் புள்ளி இல்லை. ஹௌகி ஏரிக்கரையில் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ரீக்கா நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தலை சுற்றியதுதான் மிச்சம்.

மார்ச் வெயிலில் உறைந்த ஏரி கண்ணைக் கூசவைத்தது. பனிக்கட்டியில் துளை போட்டு, முக்காலியில் குந்தி, தூண்டிலோடு சிலர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். துளை போடுகிறவர் அங்கே பனிக்கட்டி எவ்வளவு கனம் என்று அளந்து செயலியின் வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டால், அடுத்து வருகிறவர் பயமில்லாமல் கால் வைக்கலாம். ரீக்காவும் இல்போவும் சேர்ந்து செய்த 'பனிப்புள்ளி' அவ்வளவுதான். முதலாளி, தொழிலாளி எல்லாம் அந்த இரண்டு பேரே. இந்தக் குளிர்காலத்தில் ஊரே போட்டி போட்டுப் புள்ளி வைத்தது. வைத்தவர்கள் எல்லாரும் ஏரி குறுகும் 'கழுத்து'ப் பக்கமாகவே வைத்திருந்தார்கள். கழுத்துக்கு அடியில் நீரோட்டம் ஓடுகிறது, அங்கே பனி பாலாடை மாதிரி என்பது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

"ப்ரோக்ராமைத் திரும்பப் பாத்தியாடா?" என்றாள்.

"பாத்துட்டேன். அதுல ஒரு தப்பும் இல்ல," என்றான் இல்போ. முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அப்ப சாட்டிலைட்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"இருக்கும்."

சாட்டிலைட் பிசகினால் விரலாலேயே புள்ளியை நகர்த்திக்கொள்ளலாம் என்று வசதி செய்துவைத்தவனே இவன்தான். அதுவும் இருந்தும் ஏன் இப்படி? அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பிடிபட வேண்டிய நாளும் இன்றுதான். ஐரோப்பாவிலுள்ள சின்னச் சின்ன செயலிக்காரர்களைக் கைதூக்கிவிடும் திட்டம் ஒன்று இவர்களையும் ஓராண்டாகத் தாங்கிப் பிடித்திருந்தது. அதன் ஆலோசகர் துவார்த்தே லிஸ்பனிலிருந்து வருகிறார். அவர் நல்லபடியாகச் சொன்னால் இன்னோர் ஆண்டு ஓடும். இல்லையென்றால் ரீக்கா பழைய பெரிய கம்பெனிக்கே போய், பத்தோடு பதினொன்றாக உட்கார வேண்டியதுதான்.

துவார்த்தே கடைத்தெருவுக்கு வந்தவர் மாதிரி மெல்லிய சப்பாத்தில் வந்து இறங்கினார். வந்ததும் கைபேசியைத் திறந்து பூரித்தார். "எத்தனை புள்ளி! இந்தச் சின்ன ஊர்ல! வாங்க, ஜனங்ககிட்ட பேசிப் பாப்போம்."

ரீக்காவின் தாய்மாமன் தாவெத்தி கரையில் நெருப்பு மூட்டித் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பனிமேல் ஏழெட்டு அஹ்வென் மீன்கள் விறைத்துக் கிடந்தன.

"இந்தச் செயலி எப்படி இருக்கு?" என்றார் துவார்த்தே.

"ஒண்ணும் கெட்டுப்போகல," என்றார் மாமா.

துவார்த்தேயின் முகம் வாடியது. "இதுக்கு மேல எங்க மாமாவுக்குப் புகழத் தெரியாது," என்று ரீக்கா அவசரமாகச் சொன்னாள்.

"மீனு அருமையா இருக்கே. எங்க பிடிச்சீங்க?"

"தண்ணியில."

"எந்தப் பக்கம்?"

"பனிக்கு அடியில," என்று மாமா தொத்திறைச்சியைப் புரட்டிப் போட்டார்.

துவார்த்தே குழம்பினார். அவர் குழம்புவதைப் பார்த்து ரீக்கா இன்னும் குழம்பினாள். காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வண்டிக்குப் போனாள். குடுவையோடு திரும்பும்போது அவர் நெருப்பருகே இல்லை. ஏரியில் நடந்துகொண்டிருந்தார், கைபேசியைப் பார்த்தபடி, நேராகக் கழுத்தை நோக்கி.

"புள்ளி நெறைய இருக்கிற எடத்துல நின்னு போட்டோ எடுக்கணுமாம்," என்றார் மாமா. பிறகு எழுந்து நின்றார். "ஏய், அந்த ஆள் நிசமாவே அங்க போறானா? அங்க ஓட்டமாச்சே!"

"நாப்பது சென்டிமீட்டர்னு நீங்கதானே மாமா போட்டிருக்கீங்க!"

"போட்டா? அத யாராவது நம்புவாங்களா?"

சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. தன் தூண்டில் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டாத ஊர் இது. அவளுடைய அம்மா ஹில்லா என்னும் காட்டுப் பழம் பறிக்கும் சதுப்பு எது என்று கடைசி மூச்சுவரை யாருக்கும் சொல்லவில்லை. அவளே ஆண்டுதோறும் பழம் பறிக்கப் போகையில் பின்னால் ஆள் வருகிறதா என்று நாலு சுற்றுச் சுற்றித்தான் போவாள். இப்படிப்பட்டவர்களிடம் 'எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?' என்று ஒரு செயலி செய்து கேட்டிருக்கிறாள்! எல்லாரும் புள்ளியை விரலால் இழுத்துக்கொண்டுபோய், ஒருத்தரும் போகாத இடத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நம்புகிற ஒரே மனிதர் லிஸ்பனிலிருந்து வந்திருக்கிறார்.

அவள் அவருக்குப் போன் செய்தாள். அவர் எடுக்காமல் திரும்பி, சிரித்து, கையை ஆட்டினார்.

இல்போ ஏற்கெனவே பனியில் ஓடிக்கொண்டிருந்தான். "நில்லுங்க! அசையாதீங்க!" துவார்த்தே நின்றார். பனி முனகியது. அவர் வந்த காலடித் தடத்தில் கருநிறமாக நீர் கசிந்தது. வந்த வழியே திரும்ப முடியாது. முன்னால் போகவும் முடியாது.

இல்போ வாயைத் திறந்தான், மூடினான். கரையில் நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"வலது கை பக்கம்! படுத்துத் தவழ்ந்து வாங்க! பாறைக்குப் பின்னால, சாஞ்ச பிர்ச் மரத்துக்கிட்ட! அங்க ட்ராக்டரே நிக்கும்! குளிர்காலம் பூரா நான் அங்கதான் உக்காந்திருக்கேன்!"

துவார்த்தே தவழ்ந்தார். பாறையைத் தொட்டதும், அங்கே சுற்றி ஓடிவந்திருந்த இல்போ அவரைச் சட்டையோடு பிடித்து இழுத்துக்கொண்டான்.

கரைக்கு வந்ததும் துவார்த்தேயைப் போர்வையில் சுற்றி நெருப்பருகே உட்காரவைத்தார்கள். மாமா இல்போவுக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்து, "பாறைக்குப் பின்னாலயா... ம்," என்றார். அவன் முகம் செத்துப்போயிற்று.

ரீக்கா வரைபடத்தை அங்கேயே முடக்கினாள். ஆலோசகர் பார்க்கப் பார்க்க! இனி கம்பெனி அவ்வளவுதான் என்று தெரிந்தும் முடக்கினாள். ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த ஆதரவை வாங்குவது?

துவார்த்தே போர்வைக்குள் பல் கிட்டிக்க முனகினார். "எங்க போகலாம்னு இத்தனை பேர் சொன்னீங்களே. எங்க போகக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?"

ரீக்கா அவரையே பார்த்தாள். பிறகு கைபேசியில் வெறும் ஏரிப் படத்தைத் திறந்து மாமாவிடம் நீட்டினாள். "நீங்க எங்க உக்காருவீங்கன்னு கேக்கல மாமா. எங்க உக்கார மாட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"அதுக்கென்ன? கழுத்து. அந்த ஓடை விழுற எடம்." பக்கத்திலிருந்தவர் குறுக்கே புகுந்தார். "படகுத்துறைய விட்டுட்டீரே!" மூன்றாமவர் கைபேசியையே பிடுங்கினார். இந்த ஊர்க்காரர்கள் இத்தனை பேச்சுப் பேசி அவள் கேட்டதேயில்லை. துவார்த்தே கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய் இதைத்தான் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறினார். இன்னோர் ஆண்டு உறுதியானது.

புதிய வரைபடம் வந்த வாரத்தில் ஏரி 'போகக் கூடாது' என்ற சிவப்புக் கட்டங்களால் நிறைந்தது. ரீக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தாள். கழுத்து, சரி. ஓடை வாய், சரி. படகுத்துறை, சரி. பாறைக்குப் பின்னால், சாய்ந்த பிர்ச் மரத்தடியில் பெரிதாக ஒரு சிவப்பு: 'மெல்லிய பனி. யாரும் போகாதீர்கள்.'

இல்போவுக்குப் போன் செய்தாள். "பாறைக்குப் பின்னால யாருடா செவப்பு வச்சது?"

"அங்க இப்ப கொஞ்சம் மெலிசாயிடுச்சு."

"ட்ராக்டர் நிக்கும்னு கத்தினியே!"

"அது போன வாரம்."

போனில் அவன் பின்னாலிருந்து பனி துளைக்கும் கருவியின் கரகரப்புக் கேட்டது. சிரிப்பதா, திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்ற சிவப்புகளில் எது நிஜம், எது யாருடைய மீன் குழி என்றும் தெரியவில்லை. அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். போன பொய் ஆளை அழைத்துப்போய்த் தண்ணீரில் தள்ளப் பார்த்தது. இந்தப் பொய்யால் யாரும் முழுகப்போவதில்லை. மிஞ்சிப்போனால் ஒருவருக்கு மீன் கிடைக்காது.

விரலை எடுத்துவிட்டாள்.

"மீன் கிடைக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க?" என்றான் இல்போ.