ஆபீஸில் தங்கிவிட்ட அத்தை

அந்த வருடம் வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்து, தெருவில் தூசி பறக்கத் தொடங்கிய பிறகும் படகுக்காரியின் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் இடுப்பளவு நின்றது. கதவு திறந்தே கிடந்தது. ஆனாலும் வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. நிலைப்படியில் தண்ணீர் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. விரலை விட்டால் உள்ளே போகும், எடுத்தால் மூடிக்கொள்ளும். படகுக்காரி அடுப்பைப் பரண்மேல் ஏற்றிச் சமைத்தாள், பரண்மேலேயே படுத்தாள், கீழே கட்டில் காலைச் சுற்றி மீன்குஞ்சுகள் ஓடின. இதில் அதிசயப்பட யாருக்கும் ஒன்றுமில்லை. தண்ணீரை இருக்கச் சொன்னதே அவள்தான்.

அந்த ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருந்தவர்கள், அரசாங்கம் என்று ஒன்று அந்தப் பக்கம் தலைகாட்டுவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள். ஆற்றை அவர்கள் அத்தை என்றுதான் சொல்வார்கள். அத்தைக்குப் பிறந்த வீட்டில் உரிமை உண்டல்லவா? சொல்லாமல் கொள்ளாமல் வருவாள், அறை அறையாக நுழைவாள், பானையை உருட்டுவாள், ஆசை தீரப் பார்த்துவிட்டுக் கிளம்புவாள். அவள் வரும் காலத்தில் இவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து மேட்டில் ஏறிவிடுவார்கள், அவள் போனதும் இறங்கி வருவார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு வருத்தமில்லை. பிறகு அரசாங்கம் வந்து மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது. எதிர்காலத் தேவைக்காம். எதிர்காலம் வந்தபாடில்லை, மேட்டில் புல்தான் வளர்ந்தது. வெள்ளம் வந்தபோதெல்லாம் இவர்கள் கூரைமேல் குந்திக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய ஆடுகளோ நனையாமல் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியொரு வெள்ளத்தில்தான் படகுக்காரியின் பேத்தி தொட்டிலோடு போனாள். மறுநாள் காலை ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு மரக்கிளையில் தொட்டில் மாட்டிக்கொண்டிருந்தது; உள்ளே குழந்தை ஒரு துளி நனையாமல் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அத்தை குழந்தையை ஆசையாய்த் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்துவிட்டாள் என்று படகுக்காரி சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. மகள் அன்றைக்கே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனோடு டவுனுக்குக் கிளம்பினாள். மருமகன் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவன், குணமானவன், வாயே திறக்க மாட்டான். அங்கே அரசாங்க ஆபீஸுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை பிடித்தார்கள். படகுக்காரி பார்க்கப் போனபோது மகள் வாசலை மறித்துக்கொண்டாள். "மேட்டுல ஒரு வீடு வாங்கு, வர்றேன். அதுவரைக்கும் நீயும் இங்க வராதே. உன்மேல ஆத்து வாசனை அடிக்குது," என்றாள். பெற்ற மகள் வாயால் இதைக் கேட்டால் எந்த வயிறு தாங்கும்? படகுக்காரி ஜன்னல் வழியாகப் பேத்தியின் உச்சந்தலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை என்று சொல்லத்தான் வேண்டும். வெள்ளத்தில் அவதிப்படும் பூர்வகுடிகளுக்கு மேட்டில் வீடு கட்டித் தரப்போவதாக அறிவித்து, விளம்பரப் பலகைகூட நட்டார்கள். பலகையில் சிரித்த குடும்பம் குடியிருப்பில் யாருக்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: வீட்டுக்குள் வெள்ளம் நிற்பதை ஆய்வு அதிகாரி தன் கண்ணால் பார்க்க வேண்டும். கேட்டால் நியாயம் மாதிரிதான் இருக்கும். ஆனால் வெள்ளம் நிற்கும்போது பாதை தண்ணீருக்குள் இருக்கும், ஜீப் வராது. படகுக்காரி தன் படகில் கூட்டி வருகிறேன் என்றாள். படகில் ஏற அதிகாரிகளுக்கு அனுமதி இல்லையாம், ஆபத்தாம். பாதை தெளிந்து ஜீப் வரும்போது வெள்ளம் போயிருக்கும். அதிகாரி இறங்கி, சேற்றுத் தரையைப் பார்த்து, சுவரில் கழுத்தளவுக்கு ஏறியிருக்கும் கறையைப் பார்த்து, தண்ணீர் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போவார். வருடா வருடம் இதே கூத்து. அவர் வந்தால் தண்ணீர் இருக்காது என்பதால் அவருக்கு வறட்சி என்று பெயர் வைத்தார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்லித்தான் குடிப்பார்.

இதையே பார்த்துப் பார்த்துப் பொறுமை போன பிறகுதான், அத்தை கிளம்பும் நேரத்தில் படகுக்காரி நிலைப்படியில் குறுக்கே நின்றாள். "அத்தே, இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் இரு. அந்த ஆளு வந்து உன்னை ஒரு கண்ணு பாத்துட்டுப் போகட்டும்," என்றாள். மற்ற வீடுகளில் இருந்த தண்ணீர் வழிந்து ஆற்றோடு சேர்ந்தது. இவள் வீட்டுத் தண்ணீர் மட்டும் தயங்கி, கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே அமர்ந்துவிட்டது.

வறட்சி அடுத்த வாரமே வந்துவிடுவார் என்று நினைத்தாள். வருவாரா? படகுக்காரி டவுனில் இருந்த அவர் ஆபீஸுக்குச் செருப்புத் தேய நடந்தாள். ஒரு நாள் அவர் விடுப்பு, ஒரு நாள் ஜீப்புக்கு டயர் இல்லை, ஒரு நாள் தேர்தல் வேலை. வெள்ளம் இன்னும் நிற்கிறது என்று சொன்னபோது வெளியே வெயிலைக் காட்டிச் சிரித்தார்கள். அவள் காலிரண்டும் ஊறி வெளுத்தன. மத்தியானத்தில் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, துணி மாதிரி காயவைத்தாள். பக்கத்து வீட்டுக் கொழுந்தன் தன் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று முணுமுணுத்தான், விருந்தாளியை எத்தனை நாள்தான் உட்கார வைப்பீர்கள் அண்ணி என்று கேட்டான். அத்தைக்கும் சலித்துத்தான் போயிற்று. நிறம் பச்சையாகி, மூலையில் நுரைத்துக்கொண்டு கிடந்தாள். படகுக்காரி துடுப்பால் மெல்லக் கலக்கிவிட்டு, ஊர்க்கதை சொல்லி அவளைத் தேற்றினாள்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில் வறட்சி வந்தார். செருப்பெல்லாம் செம்மண். குடியிருப்பே கூடிவிட்டது. அவர் தண்ணீரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், ஒரு கழியை விட்டு ஆழம் பார்த்தார். முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் தெரிந்தது. எவ்வளவு காலமாக நிற்கிறது என்று கேட்டார். மழை முடிந்ததிலிருந்து இம்மி நகரவில்லை என்று படகுக்காரி பெருமையாகச் சொன்னாள். அங்கேதான் தலையில் கல் விழுந்தது. மழைக்காலம் முடிந்தும் வடியாத தண்ணீர் வெள்ளம் ஆகாதாம். அது நீர்நிலையாம். நீர்நிலைக்குள் வீடு இருந்தால் அது ஆக்கிரமிப்பாம், காலி செய்ய வேண்டுமாம். நான் என்னம்மா செய்வேன், விதி அப்படி என்று அவர் கையைப் பிசைந்தார்.

"வெள்ளமா இருந்தப்ப நீங்க வரல. நீங்க வந்தப்ப இது வெள்ளம் இல்லேங்கறீங்க," என்றாள் படகுக்காரி. "அப்ப நாங்க எப்பத்தான் சார் நனைஞ்சோம்?"

அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் அவள் பரண்மேல் உட்கார்ந்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி வாய்விட்டு அழுதாள். காலையில் எழுந்து முகம் கழுவி, தலை வாரி, "கிளம்பு அத்தே. நீயே வந்து கேளு," என்று சொல்லிவிட்டு நடந்தாள். தண்ணீர் வாசல் வழியாக இறங்கி, ஓர் அறை அகலத்துக்கு, இடுப்பளவு உயரத்துக்குத் திரண்டு, அவள் பின்னாலேயே போனது. சாலையின் இரண்டு பக்கத்திலும் தூசிகூட நனையவில்லை. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி வழிவிட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே கண்டக்டர் ஒருவர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தி, தண்ணீர் கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். ஆபீஸ் காவலாளி செருப்பைக் கழற்றச் சொன்னான், பையை வெளியே வைக்கச் சொன்னான். தண்ணீரைப் பற்றி அவனுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, ஆகவே விட்டுவிட்டான்.

உள்ளே போன அத்தை கீழ்த்தளம் முழுவதும் பரவி இடுப்பளவு நின்றாள். ஊழியர்கள் மேசைமேல் ஏறினார்கள், கோப்புகள் மிதந்தன. மாடியிலிருந்து பெரிய அதிகாரி பாதிப் படிவரை இறங்கி வந்து, இதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகும்படி கேட்டார். வீட்டைக் கொடுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் படகுக்காரி. அவர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கே ஜீப்பை அனுப்பினார். பாதைதான் நன்றாக இருந்ததே. அவள் வீட்டுத் தரை காய்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. வீட்டில் தண்ணீர் இல்லாதவருக்கு எப்படி வீடு கொடுப்பது? ஆனால் ஆபீஸில் தண்ணீர் நின்றது. அதை அத்தனை அதிகாரிகளும் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். நிபந்தனை பிசகில்லாமல் பொருந்தியது. ஆக, அந்தத் திட்டத்தின் கீழ் மேட்டில் முதல் இடம் ஆபீஸுக்கே ஒதுக்கப்பட்டது. அரசாங்க வேலை அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. அடுத்த மழைக்குள் வேலியைப் பிரித்து, தூண் வைத்து, இரண்டு மாடி எழுப்பி, சிரித்த குடும்பத்தின் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் வாசலில் வைத்தார்கள்.

மேட்டு ஆபீஸின் ஜன்னலில் நின்றால் குடியிருப்பு முழுவதும் தெரியும். அந்த மழைக்கு வறட்சி தன் வாழ்நாளில் முதல்தடவையாக வெள்ளத்தைப் பார்த்தார். கூரைமேல் குந்தியிருந்தவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்த்ததை எழுதி மேலே அனுப்பினார். ஜன்னல் வழியாகப் பார்ப்பது நேரடி ஆய்வு ஆகாது, இறங்கிப் போய்ப் பார்க்கவும் என்று பதில் வந்தது. இறங்கிப் போகிற பாதை தண்ணீருக்குள் இருந்தது. அதற்குப் பிறகு அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

படகுக்காரி குடியிருப்புக்குத் திரும்பவில்லை. ஊர் தெரியாத இடத்தில் அத்தையைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? பழைய ஆபீஸின் மாடியில் பாயை விரித்தாள், அடுப்பை வைத்தாள். யாரும் துரத்தவில்லை. கட்டடம் நீர்நிலை ஆகிவிட்டதால் அது எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. பின்தெருவில் இருந்த மகளின் காதுக்கு எல்லாம் எட்டியது. ஆனாலும் அவள் வெகுகாலம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு சாயங்காலம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பள்ளிக்கூடம் போகும் வயது வந்தும் அந்தப் பிள்ளையை வாளித் தண்ணீரில்கூடக் கைவிட விட்டதில்லை.

"மேட்டுல வீடு கேட்டேன்ல?" என்றாள் மகள்.

"நானும் போய்க் கேட்டேன்டி. ஆபீஸுக்குக் கொடுத்துட்டாங்க."

மகளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பிறகு அவள் அம்மாவை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பினாள். "எம் புள்ளைய எதுக்குத் தூக்கிட்டுப் போனே? நான் செத்துப் பொழைச்சேன். ஒரு வார்த்தை கேட்டியா என்னை?" என்று தொடங்கியவள், இத்தனை வருடம் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அதில் பாதியை இங்கே சொல்ல முடியாது. தெருவே வெளியே வந்து கேட்டது. படகுக்காரி தடுக்கவில்லை. மகள் ஓய்ந்து மூச்சு வாங்கியபோது, தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. அங்கேயும் நிற்காமல் கணுக்கால்வரை இறங்கி, அப்படியே அசையாமல் கிடந்தது. யாரும் மகளுக்கு அதுவரை அவ்வளவுகூடச் செய்ததில்லை. அவள் குனிந்து விரலால் ஆழம் பார்த்தாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டாள்.

இப்போதும் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அவள் விளையாடி முடிக்கும்வரை அங்கே தண்ணீர் கணுக்காலளவுதான் நிற்கும். அவளைக் கூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனதும் பழையபடி இடுப்புக்கு ஏறிவிடும். அதனால் ஆழத் தண்ணீரில் போர்வை அலச அங்கே வரும் அந்தத் தெருக்காரர்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறார்கள்.