மூன்றாம் அலமாரியில் பெரணியின் உறவுகள்

உலர்தாவரக் காப்பகத்தின் மூன்றாம் அலமாரியில் இருந்த செடிகள், செத்து எண்பது வருடம் ஆன பிறகு வீடு மாறத் தொடங்கின. பூட்டு உடையவில்லை, எலி நுழையவில்லை. மாலை ஐந்தரைக்கு மூன்றாம் அலமாரியில் வைத்துப் பூட்டிய, செடி ஒட்டிய தாள்கள் காலை ஒன்பதுக்கு நான்காம் அலமாரியில் இருந்தன, அவ்வளவுதான். முதல் வாரம் காவலாளியைச் சந்தேகப்பட்டார்கள். முழங்கால் வலியால் அவர் மாடி ஏறியே நான்கு வருடம் ஆகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

நான்காம் அலமாரி பெரணிகளுக்கு உரியது. மூன்றாவதில் 'பெரணியின் உறவுகள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. பூக்காது, காய்க்காது, தூள் மாதிரிச் சிதல்களை உதிர்த்தே பெருகும், தண்டுக்குள் நீர் ஏறும் குழாய் உண்டு, ஆனால் பார்க்கப் பெரணி மாதிரி இல்லை என்ற எல்லாவற்றையும் ஒரு காலத்தில் யாரோ பெரிய மனதோடு அதற்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தார். கணுக்கணுவாக நிற்கும் ஈக்விசிட்டம், வேரும் இல்லாமல் இலையென்று சொல்ல ஒன்றும் இல்லாமல் வெறும் குச்சியான சைலோட்டம், ஊசி இலைகள் அப்பிய லைக்கோபோடியம். இடம் மாறியவை முதல் இரண்டும். லைக்கோபோடியம் அசையவில்லை. காப்பாளர் அம்மா ஒன்றரை வருடம் தினமும் காலையில் அவற்றைத் திருப்பி வைத்தார். வைத்ததைப் பதிவேட்டில் எழுதினார். பிறகு மரபணு ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. ஈக்விசிட்டமும் சைலோட்டமும் பெரணிக் குடும்பத்துப் பிள்ளைகளே. லைக்கோபோடியம்தான் ஆதியிலேயே பிரிந்துபோன தனி வம்சம். அதற்குப் பிறகு, உறவு சந்தேகமான செடிகளை மூன்றாம் அலமாரியில் வைத்துப் பார்ப்பது அலுவலக வழக்கமாகிவிட்டது.

அங்கே தாளில் செடி ஒட்டும் வேலை பார்த்தவள், காப்பாளரின் கணவருக்கு முதல் தாரத்தில் பிறந்த மகள். இரண்டு வயதில் தாயையும் ஒன்பது வயதில் தகப்பனையும் பறிகொடுத்தவள். காப்பாளரைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். பேருந்தும் சாப்பாட்டு டப்பாவும் சண்டையும் இருவருக்கும் ஒன்றே. அந்த வருடம் அவளுடைய தாய்மாமன் வந்து சேர்ந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பதினான்கு வருடம் எட்டிப் பார்க்காதவர். "நீ எங்க ரத்தம்மா. யாரோ ஒருத்தி வீட்டுல எதுக்கு இருக்கணும்? கிளம்பு" என்றார்.

'யாரோ ஒருத்தி' என்ற சொல் அவளை ஒரு வாரம் குடைந்தது. வேறு யாராக இருந்தாலும் அழுது தீர்த்திருப்பார்கள். அவளோ தன் தலைமுடி ஒன்றையும் சித்தியின் தலைமுடி ஒன்றையும் தனித்தனித் தாளில் பசை தடவி ஒட்டி, தேதி எழுதி, சித்தியுடையதில் 'சேகரித்த இடம்: சீப்பு' என்றும் குறித்து, வெள்ளிக்கிழமை மாலை மூன்றாம் அலமாரியில் அருகருகே வைத்தாள். அலமாரி சொல்வதுபோல் செய்வதென்று முடிவு.

திங்கட்கிழமை அவள் தாள் லைக்கோபோடியத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. சித்தியின் தாள் ஒன்பதாம் அலமாரியில், புல் வகைகளுக்கு நடுவே கிடைத்தது. மனிதர்களை எங்கே வைப்பது என்று அலமாரிக்குத் தெரியவில்லை. இவர்கள் ஒன்றில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"மாமா சொன்னது சரிதான் சித்தி" என்று தாள்களை நீட்டினாள். பெண் போய்விடப் போகிறாள் என்று சித்திக்குப் புரிந்தது. ஆனாலும் விவரச் சீட்டை முழுக்கப் படித்து, ஒரு தேதிப் பிழையைத் திருத்தினார்.

"அலமாரி பொய் சொல்லாதுடி. உன்னை நான் பெத்தேன்னு என்னைக்காவது சொன்னேனா? அது தூக்கிப் போட்டா போடட்டும். நான் மறுபடி கொண்டுவந்து வைக்கிறேன்."

"தினமுமா?"

"ஒன்றரை வருஷம் அந்தக் குச்சிக்கு வச்சேன். உனக்கு வைக்க மாட்டேனா?"

மாமன் தனியாகவே ஊர் திரும்பினார். அன்றிலிருந்து மாலை ஐந்தரைக்குச் சித்தி தன் தாளை மகளின் தாளுக்குப் பக்கத்தில் வைப்பார். காலையில் அது புல் அலமாரியில் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் இதற்காகவே பேருந்து ஏறி வந்தார். நடக்க முடியாமல் போனபின் மகள் வைத்தாள். பதினேழாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, சித்தியின் தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. உறவுகளைப் பற்றிப் புதிதாக ஏதும் கண்டார்களா என்று மரபணு ஆய்வுக்கூடத்துக்கு எழுதிக் கேட்டதில், தங்கள் முடிவுகளில் மாற்றம் ஏதும் இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டு, ஒன்பதாம் அலமாரியில் காலியான இடத்துக்குப் புற்களை நகர்த்தி வைத்தார்கள்.