வாய் பொத்திச் சிரிக்கும் ஊர்

செம்பாறைப்பட்டிப் பெண்கள் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். காரிமங்கலம் சந்தையில் அவர்களைப் பார்க்கிறவர்கள், "என்ன அடக்கம் பாரு!" என்று மெச்சுவார்கள். அடக்கமாவது மண்ணாவது! கையை எடுத்தால் பல் தெரியும், பல் தெரிந்தால் காவிக்கறை தெரியும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த அத்தனை பேருக்கும் அந்தக் கறை உண்டு. நாற்பது வயதுக்குள் சிலருக்கு முதுகும் கூனிவிடும். குலதெய்வக் குற்றம் என்று சொல்லி ஒரு கிடாயை வெட்டிவிட்டு, மறுபடி அதே பாறைக் கிணற்றில்தான் தண்ணீர் சேந்திக் குடித்தார்கள்.

1938ஆம் வருஷம் தை மாதம் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பல்லையும் முதுகையும் பார்த்து எழுதுகிற ஆராய்ச்சி. ஊர்க்கவுண்டர் நஞ்சப்பனிடம் முதல் நாளே விவரத்தைச் சொன்னார்.

"கவுண்டரே, இது தண்ணியால வர்ற நோய்னு சந்தேகப்படறோம். பாறையில இருக்கிற ஒரு உப்பு. சின்ன வயசுல இந்தத் தண்ணியக் குடிச்சவங்களுக்குத்தான் பல்லுல கறை ஏறும். அதனால இங்கயே பொறந்து வளந்தவங்களா இருபது பேரை நாளைக்கு நிறுத்துங்க. கறை இருந்தா கிணத்துத் தண்ணியப் புட்டியில எடுத்துட்டுப் போவோம். தண்ணி கெட்டதுன்னு தெரிஞ்சா, வேற எடத்துல கிணறு வெட்டித்தரச் சொல்லி சர்க்காருக்கு எழுதுவோம்."

நஞ்சப்பன் கெட்டவர் அல்ல. ஆனால் அவருடைய ஒரே மகள் சின்னம்மாளுக்கு நல்லம்பள்ளியில் சம்பந்தம் முடிந்து, வருகிற வெள்ளிக்கிழமை பரிசம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் கவிழ்ந்த தலை நிமிராமல் வெற்றிலைத் தட்டை நீட்டித் தப்பித்திருந்தாள். வியாதிக்கார ஊர் என்று சர்க்கார் காகிதத்தில் ஏறிவிட்டால் அந்தச் சம்பந்தம் என்ன ஆவது?

"நல்லதுக்குத்தான சொல்றாரு? இருக்கறத காட்டிப்புடலாமுங்க" என்றாள் அவர் மனைவி முனியம்மாள்.

"உம் மவ கழுத்துல தாலி ஏறலீன்னா அந்த டாக்டரா வந்து கட்டுவாரு? வாய மூடு!"

டாக்டர் சொன்னதிலேயே நஞ்சப்பனுக்கு வழி கிடைத்தது. ஊரில் வெள்ளைப் பல்லுக்குப் பஞ்சமில்லை. வெளியூர்களிலிருந்து வாழ வந்த மருமகள்கள் இருந்தார்களே! இருபது மருமகள்களைப் பொறுக்கி, "கேட்டா இங்கதான் பொறந்தோம்னு சொல்லணும்" என்று பாடம் படித்துக்கொடுத்தார். கூனிப்போனவர்களை விடிந்ததும் இரண்டு வண்டிகளில் ஏற்றித் தீர்த்தமலைக்குச் சாமி கும்பிட அனுப்பினார்.

அதில் முனியம்மாளின் தம்பி தர்மனும் ஒருவன். வயது முப்பத்தாறு. கழுத்தைத் திருப்ப முடியாது, முதுகு வில்லாக வளைந்திருந்தது.

"என்னையக் காட்டுங்க மாமா. எனக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சி. என்னைய எதுக்கு வண்டியில ஏத்தறீங்க?"

"ஏறுடா பேசாம. ஊரு மானம் போவுது."

ஆண்களெல்லாம் காட்டுவேலைக்குப் போய்விட்டார்கள் என்று நஞ்சப்பன் சொல்ல, டாக்டர் ஒவ்வொருத்தியாகப் பல்லைப் பார்த்து, பிறந்த ஊரைக் கேட்டுக்கொண்டே வந்தார். செல்லி என்ற மருமகள் மட்டும் கொஞ்சம் உளறினாள். "நானு காரிமங்கலத்துப் பக்கம்..."

நஞ்சப்பன் இருமினார்.

"...சந்தைக்குப் போறதோட சரிங்க. பொறந்தது இங்கதான்."

டாக்டர் எழுதிக்கொண்டார். நஞ்சப்பன் கைநாட்டு வைத்தார். கொண்டுவந்த புட்டிகள் காலியாகவே திரும்பிப் போயின. பக்கத்து ஊரான ஏரிக்கொட்டாய்க்காரர்கள் டாக்டரிடம் பல்லையும் காட்டினார்கள், கூனையும் காட்டினார்கள். "வெக்கங்கெட்ட ஊரு" என்று செம்பாறைப்பட்டி சிரித்தது, வாயைப் பொத்திக்கொண்டுதான். இரண்டு வருஷத்தில் ஏரிக்கொட்டாய்க்குப் புதுக்கிணறு வந்தது.

சின்னம்மாள் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை பச்சியப்பன் மாமனார் வீட்டோடு வந்துவிட்டான். "உங்கூருத் தண்ணியப் பத்தி என்னமோ பேசிக்கிறாங்களே மாமா" என்று அவன் ஒருமுறை இழுத்தபோது, நஞ்சப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "மெட்ராஸ் டாக்டரே பாத்து, ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போயிருக்காரு மாப்ள!"

பேத்தி சாலம்மாள் பிறந்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவளுக்குக் களி கிண்டினார்கள். ஏழாம் வயதில் பால் பல் விழுந்து முளைத்த புதுப் பல்லில் கறை இருந்தது. அது போதாதென்று காலும் வளைந்தது. முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று முட்ட, பத்து அடி நடப்பதற்குள் குழந்தை விழுந்தாள். ஊரில் இதுவரை இவ்வளவு சின்ன வயதில் யாருக்கும் வந்ததில்லை.

நஞ்சப்பன் தாலுகா கச்சேரிக்கு ஓடினார். குமாஸ்தா பழைய காகிதக் கட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார்.

"செம்பாறைப்பட்டி. இருபது பேரு, எல்லாரும் இங்கயே பொறந்தவங்க. கறை இல்லை. தண்ணி பரிசோதனை தேவையில்லை. கீழ இருக்கிற கைநாட்டு யாருது?"

"என்னுதுதாங்க."

"கிணறு கெட்ட ஊருக்குத்தான் புதுக்கிணறு. உங்க கிணறு நல்ல கிணறுன்னு நீங்களே சாட்சி சொல்லியிருக்கீங்களே! மனு குடுத்துட்டுப் போங்க. மறுபடி எப்ப ஆராய்ச்சிக்கு வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

ஊருக்குத் திரும்பியபோது சாலம்மாள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆட்டுக்குட்டி துள்ளுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னக் கை வாயைப் பொத்தியிருந்தது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அம்மாவைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. நஞ்சப்பன் அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

மறுநாள் காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். பள்ளிக்கூட வாத்தியார் சவுரியப்பன் மனு எழுத உட்கார்ந்தார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து நஞ்சப்பன் எல்லோர் முன்னாலும் இறக்கிவிட்டார்.

"முதல்ல எம் பேத்தி பேர எழுதுங்க வாத்தியாரே. பல்லுல கறை, கால் வளைவுன்னு எழுதுங்க. அடுத்தது எம் மவ, அடுத்தது எம் பொஞ்சாதி." கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நோவ மறைச்சா மானம் நிக்கும்னு நெனச்சேன். அது மானமில்லீங்க, பெத்த புள்ளைங்களுக்கு நானே ஊத்தின வெசம். நோவப் பத்தி எழுத வர்றவங்ககிட்ட பொய்யச் சொன்னா, அந்தப் பொய்க்குத்தான் சர்க்காரு வைத்தியம் பாக்கும், நம்ம நோவுக்கு இல்ல. இனிமே யாரு வந்து கேட்டாலும் வாயத் தொறந்து காட்டுங்க."

ஓரத்தில் கோலை ஊன்றி நின்ற தர்மனால் இப்போது மண்ணைத் தவிர எதையும் பார்க்க முடியாது. மண்ணைப் பார்த்தபடியே அவன் சொன்னான்:

"அன்னிக்கி எம் பேர எழுதவுட்டிருந்தா, இன்னிக்கி இவ பேர எழுத வேண்டியதில்லீங்க மாமா."