ஹியூபேட் ஊதிக் காட்டியது

1

இந்தக் கதை ஒரு வெட்கத்திலிருந்து வந்தது. 1998இல் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் நாங்கள் நாலு பேர் தங்கிக் கணக்கியல் படித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று கிழமையேயான இரத்தினசிங்கத்துக்கு முதல் கிளாஸ் சாராயத்தை ஊற்றிக் கொடுத்தது நான்.

(முதல் வரைவில் 'யாரோ ஊற்றினார்கள்' என்றிருந்தது. வெட்டிவிட்டேன்.)

2

'போர்க்காலத்து இளைஞர்கள் தம் துயரை மறக்க' —

இல்லை. மற்றவர்கள் குடிக்கிறார்கள் என்றுதான் குடித்தோம். சனிக்கிழமை மத்தியானம் என்றால் போத்தல்.

"தண்ணி கலக்கிறேல்லையோ அண்ணை?" என்று கேட்டான் இரத்தினசிங்கம்.

"இஞ்ச ஒருத்தரும் கலக்கிறேல்லை" என்றேன். அது பொய்.

எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்தே மூன்று கிளாஸ் குடித்தான். பிறகு தரையில் கிடந்தான். உதடு நீலம். தட்டியும் எழும்பவில்லை.

"அவனுக்கு இன்னும் பொலிஸ் பதிவு இல்லை" என்றார் எங்களில் மூத்த யோகநாதன். கொழும்புக்கு வரும் தமிழர் அப்போது பொலிசில் பதிய வேண்டும்; பதியாவிட்டால் பிடிப்பார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இந்த மணத்தோட செக்பொயின்ற்றில நிண்டா எல்லாரையும் அள்ளுவாங்கள். படுக்கட்டும், தெளியும்."

"தெளியாட்டி?" என்றான் ஹியூபேட். எங்கள் அறையில் நாலாமவன், கொழும்பிலேயே வளர்ந்த கொட்டாஞ்சேனைக்காரன். அதற்குள் இரத்தினசிங்கத்தைத் தோளில் போட்டிருந்தான்.

(இங்கே நான் துணிந்து எழுந்தேன் என்று எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். ஹியூபேட் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழும்பினேன். யோகநாதனும் பின்னால் வந்தார்.)

3

காலி வீதியில் ஓட்டோவை மறித்த ஆமிக்காரன் தலையை உள்ளே நீட்டி மணந்தான்.

"அய்யே, யாளுவாட்ட சனீப நே" என்றான் ஹியூபேட். நண்பனுக்குச் சுகமில்லை. பிறகு ஒன்றையும் மறைக்காமல் சிங்களத்தில் சொன்னான்: குடித்திருக்கிறான், பதிவில்லை, என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு இவர்களை ஆஸ்பத்திரிக்கு விடுங்கள்.

ஊதச் சொன்னான் ஆமிக்காரன். ஹியூபேட் அந்த முகத்துக்கு நேரே ஊதினான். மணமில்லை. ஆமிக்காரன் இன்னொரு முறை ஊதச் சொல்லிவிட்டு, எல்லோரையும் போகவிட்டான்.

இரண்டு வருடமாக, சனிக்கிழமை தவறாமல், என் எதிரே கிளாசும் கையுமாக இருந்தவன் அவன்.

4

"பிளேன்ரீ, மச்சான்" என்றான் ஹியூபேட் ஆஸ்பத்திரி விறாந்தையில், தலையைக் குனிந்துகொண்டு. "பால் விடாத தேத்தண்ணியும் சாராயமும் நிறம் ஒண்டுதானே. நீங்க எல்லாரும் குடிக்கிறீங்க. நான் மட்டும் எப்பிடி வேணாமெண்டு சொல்றது?"

யோகநாதன் அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "எனக்கும் பிடிக்கேல்லையடா. ஒவ்வொரு முறையும் குடிச்சதெல்லாம் சத்தியா வெளியில வந்திடும்."

"எனக்கும்" என்றேன்.

(இங்கே சிரிப்பு வரவேண்டும் போலத் தோன்றும். ஒருவரும் சிரிக்கவில்லை.)

ஆமிக்காரனின் துவக்குக்கு முன்னால் வாய் திறக்கத் துணிந்தவனுக்கு, எங்கள் இரண்டு பேர் முன்னால் துணிவு வரவில்லை. இத்தனை வருடமாகியும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

5

இரத்தினசிங்கம் பிழைத்தான். மூன்றாம் நாள் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தான். குரல் இன்னும் கம்மியிருந்தது; கண்ணில் மட்டும் ஒரு மரியாதை.

"அண்ணை, நீங்கள் எல்லாரும் எப்பிடி இவ்வளவு குடிச்சும் அசையாம இருக்கிறியள்? எனக்கும் பழகுமோ?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உண்மையைச் சொன்னோம் என்று ஒரு முடிவு எழுதிவைத்திருக்கிறேன். "பழகும்" என்று நான் சொன்னதாக இன்னொன்று. எது நடந்ததென்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். கட்டிலின் ஓரத்தில் என் இடத்தில் நீங்கள் இருங்கள். அவன் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறான்.