நல்ல கண்டிஷன்

பழைய கார் வாங்கி விற்கும் தரகருக்கு வாய்தான் மூலதனம். அன்று அந்த வாயே அவருடைய அப்பாவுக்கு எமனாகப் பார்த்தது.

அவசரப் பிரிவுக் கட்டிலில் அப்பா. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணியிருந்தது. மூளை ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா நேரே தரகரிடம் வந்தார்.

"ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடலாம். மூளையில ரத்தம் கசியற ஆபத்தும் உண்டு, ஆனா தாமதிச்சா பிரயோஜனமில்லை. இதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்? தனியா நடப்பாரா?"

"வயசுதான் எண்பது தாண்டிருச்சு டாக்டர். ஆள் சூப்பர் கண்டிஷன். சிங்கம்!"

பக்கத்தில் நின்ற மனைவி முறைத்தாள். "ஏங்க, இங்கேயும் வண்டி வியாபாரமா? கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும் வரிசையா நாற்காலி போட்டது யாரு? அதைப் பிடிச்சுப் பிடிச்சுத்தானே மாமா போறாரு?"

தரகர் அவளை ஓரமாக இழுத்தார். "நோஞ்சான்னு தெரிஞ்சா கையை விரிச்சுடுவாங்கடி!"

"மறைச்சு, மூளையில ரத்தம் கசிஞ்சா?"

இன்ஜின் முனகலை ரேடியோ போட்டு மறைத்தே பிழைத்தவர். இங்கே எதைப் போட்டு மறைப்பது? திரும்பி வந்தார்.

"டாக்டர், நான் சொன்னது பொய். கொஞ்ச நாளா இளைச்சுட்டே வர்றார். சட்டை பட்டன்கூட நான்தான் போட்டு விடறேன். போன வாரம் விழுந்தார். தலையில அடி இல்லை, முழங்கால்தான். ஊசி... போட மாட்டீங்களா?"

"தளர்ந்தவர்னா மருந்தே கிடையாதுன்னு யார் சொன்னது? கசியற ஆபத்து கொஞ்சம் கூடுதல். பிழைச்சாலும் தேற நாளாகும். பழையபடி நடப்பார்னு என்னால சொல்ல முடியாது. அவரைக் கேட்டா என்ன சொல்வார்?"

தரகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் போடலையான்னு நம்ம ரெண்டு பேரையும் திட்டுவார்."

மருந்து ஏறத் தொடங்கியது. "ஊசி இருக்கிற கையை அசையாமப் பிடிச்சுக்குங்க," என்றாள் நர்ஸ். தரகர் பிடித்தார். இவ்வளவு மெலிந்த கையா! அந்த இடது கை வழக்கம்போல அவரை உதறப் பார்த்தது. யாரும் தாங்கினால் அப்பாவுக்குப் பிடிக்காது. வழக்கமாகத் தரகரும் விட்டுவிடுவார். இன்று விடவில்லை.

"திட்டறதை அப்புறம் வச்சுக்கோப்பா."

டாக்டரம்மா குனிந்தார். "ஐயா, வலது கையைத் தூக்குங்க."

ஒன்றுமில்லை.

"இன்னொரு தடவை."

எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"கட்டை விரல் அசைஞ்சுதா? நீங்க பார்த்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லத் தரகருக்கு வாய் துடித்தது.

"தெரியலை டாக்டர்," என்றார். "மறுபடியும் கேளுங்க."